ராத்திரி கால் இழுப்பும் ஒரு மஞ்சப்பை மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடிப் பண்டிகை வாரம். சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை நடக்கும்போது எங்கள் கிளினிக்கில் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். அப்படி ஒரு சாயங்காலத்தில் அந்தப் பெரியவர் மனைவியோடு வந்தார். அவருக்கு 71 வயது. வெள்ளைக்கல் சுரங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் பல வருஷமாக என்னிடம்தான் பார்க்கிறார். மனைவிக்கு 66 வயது. அவர் எனக்கு நோயாளி இல்லை, துணைக்கு வந்தவர். இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

"டாக்டரம்மா, ராத்திரி தூங்க முடியலைங்க. கெண்டக்கால்ல நரம்பு சுருட்டிப் பிடிச்சுக்குது. உசுரே போயிருது" என்றார்.

எப்படி வருகிறது என்று கேட்டேன். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் வருகிறது. பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்துகொள்கிறது. கெண்டைச் சதை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு கல்லாக நிற்கிறது. தொட்டுப் பார்த்தால் கைக்கே தெரிகிறது. இரண்டு நிமிஷம், சில நாள் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுத் தானே விடுகிறது. மறுநாள் காலையில் அந்த இடம் அடிபட்டதுபோல வலிக்கிறது. பெரும்பாலும் வலது கால். வாரத்துக்கு ஐந்தாறு தடவை. நாலு மாதமாக இப்படி.

இதைச் சொல்லி முடித்துவிட்டு ஒரு மஞ்சப்பையை மேஜைமேல் வைத்தார். "எல்லாம் சாப்பிட்டுப் பாத்துட்டனுங்க. நீங்களே பாருங்க."

பையைக் கவிழ்த்தேன். அவருடைய வழக்கமான மாத்திரைகள் மூன்று: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை. அவற்றுக்கு மேல் ஆறு இருந்தன. இரண்டு வேறு கம்பெனிகளின் பி காம்ப்ளெக்ஸ். ஒரு வைட்டமின் ஈ. வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி. வெள்ளை டப்பாவில் மக்னீசியம் ஆக்சைடு. பச்சை டப்பாவில் வைட்டமின் கே2.

அந்த ஆறும் வந்து சேர்ந்த கதையை அவரே வரிசையாகச் சொன்னார். மார்ச்சில் முதல் பிடிப்பு வந்ததும் மெடிக்கலில் கேட்டு ஒரு பி காம்ப்ளெக்ஸ் வாங்கியிருக்கிறார். அது கேட்கவில்லை என்றதும் இன்னொரு கடையில் "ஸ்ட்ராங்கானது" கொடுத்திருக்கிறார்கள். பழையதை நிறுத்தச் சொல்ல யாருமில்லை. ஈயும் டியும் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வாங்கியவை. மே மாதம் பெங்களூரில் இருக்கும் மகள் மக்னீசியம் அனுப்பினார். ஜூனில் மருமகன் ஃபோனில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு கே2 வரவழைத்தார். அக்கறை இல்லாத ஆள் அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை.

பிடிப்பு தொடங்கியது மார்ச்சில். ஜனவரியில் என்ன நடந்தது என்று என் குறிப்பைப் புரட்டினேன். அவருடைய ரத்தக்கொதிப்பு 160-க்கு மேலேயே நின்றதால் வெறும் டெல்மிசார்டனை மாற்றி, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரையை எழுதியிருந்தேன். அது நீர் மாத்திரை. சிறுநீரோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவர் வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஏப்ரலில் வேறொரு காரியமாக வந்தபோது பிரஷர் 134 இருந்தது. சந்தோஷமாகப் பார்த்து அனுப்பிவிட்டேன். ரத்தம் எடுக்கவில்லை. "கால் ஏதாவது இழுக்குதாங்கய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மஞ்சப்பை இவ்வளவு நிறைந்திருக்காது. இது என் தவறு. அவரிடமும் சொன்னேன்.

வயதானவர்களுக்கு ராத்திரியில் வரும் கால் தொந்தரவெல்லாம் பிடிப்பு இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "நரம்பு இழுக்குது" என்ற ஒரே வார்த்தைதான். அதனால் விசாரித்துத்தான் பிரிக்க வேண்டும். காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல ஒரு அரிப்பான தவிப்பு, எழுந்து நடந்தால் சரியாகிவிடும், சதை கல்லாகாது என்றால் அது அமைதியற்ற கால் நோய். நடக்கும்போது வலித்து, நின்றால் விட்டுவிடும் என்றால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளங்கால் எரிச்சல், மரத்துப்போதல் என்றால் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம். இவருக்குச் சதை உருண்டு நிற்பதும், பாதம் வளைவதும், மறுநாள் வலியும் சேர்ந்து பிடிப்பு என்று தெளிவாகக் காட்டின. குரக்குவலி என்று நம் பழைய வார்த்தை ஒன்று உண்டு. அது இதேதான்.

பாதத்தில் நாடி இரண்டு பக்கமும் நன்றாகக் கிடைத்தது. நைலான் இழையால் பத்து இடத்தில் தொட்டதில் ஒன்பது இடத்தைச் சரியாகச் சொன்னார். பெருவிரலில் அதிர்வு உணர்ச்சி கொஞ்சம் குறைவு. ரத்தநாளம் சுருண்ட வீக்கம் இல்லை. ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் நேர்கோட்டைத் தாண்டி வரவே இல்லை. குதிகால் தசைநாணும் கெண்டைச் சதையும் அவ்வளவு குறுகி இருந்தன.

குந்த வைத்து உட்காரச் சொன்னேன். முடியவில்லை. "மூட்டு வலின்னு பாத்ரூம்ல உக்கார்ற டாய்லெட் வச்சோமுங்க, நாலு வருசமாச்சு" என்றார் மனைவி. அதற்கு முன்னால் தினமும் இரண்டு தடவையாவது அவர் முழுசாகக் குந்தி எழுந்திருக்கிறார். அப்போதெல்லாம் கெண்டைச் சதை தானாகவே முழு நீளத்துக்கு இழுபட்டிருக்கும். குந்துவதை விட்டதுதான் பிடிப்புக்குக் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் மூட்டு வலிக்காகக் கழிவறையை மாற்றிய வீடுகளில் ராத்திரி கால் பிடிப்பையும் சேர்த்துக் கேட்கிறேன். ஆமாம் என்கிற ஆட்கள் நிறைய. மேற்கத்திய கழிவறை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய உதவி. விட்டுப்போன அந்த நீட்சியை வேறு வழியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். சோடியம் 132, அதுவும் குறைவு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3. தைராய்டும் கால்சியமும் சரி. மக்னீசியம் 2.0, சரியான அளவு. (உடம்பில் உள்ள மக்னீசியத்தில் சுமார் ஒரு சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது. அதனால் இந்த எண்ணை முழுசாக நம்ப முடியாது.) பி12 அளவு தாராளமாக இருந்தது. நாலு மாதமாக பி12 உள்ள பி காம்ப்ளெக்ஸை விழுங்கிக்கொண்டிருப்பவரிடம் எடுத்தால் அப்படித்தான் வரும். மெட்ஃபார்மினை 12 வருஷமாகச் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்திருந்தால் அது தெரிந்திருக்கும். இனி தெரிய வழியில்லை.

பொட்டாசியம் 3.1 என்பதற்கு 12.5 மி.கி. நீர் மாத்திரை மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம். "வயிறு எப்படி இருக்குங்கய்யா?" என்று கேட்டேன். மே மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று, நாலு தடவை இளகிப் போகிறதாம். வெயிலுக்கு அப்படி ஆகிறது என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மக்னீசியம் ஆக்சைடைப் பற்றி அவருக்குச் சொல்ல எனக்கு வேறு பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. சேலத்து வெள்ளைக்கல் என்பது மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் போட்டுச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அது போகிறது. 31 வருஷம் அந்தச் சூளைப் பக்கம் நின்ற மனிதர் அவர். "ஐயா, நீங்க சுட்டு அனுப்பின அதே பொருள்தான், சுத்தம் பண்ணி இந்த டப்பாவுல இருக்கு" என்றதும் டப்பாவைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தன வருசம் மேலெல்லாம் பூசிக்கிட்டு வந்ததுங்க இது" என்றார்.

அந்தப் பொருள் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்படாமல் நிற்பது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பால் போன்ற வெள்ளை மருந்தும் மக்னீசியம்தான், அதன் வேலையே பேதியாக்குவது. பேதியோடு பொட்டாசியமும் போகும். ஒரு பக்கம் நீர் மாத்திரை, இன்னொரு பக்கம் பேதி. பிடிப்பை நிறுத்த வாங்கிய மாத்திரை பிடிப்புக்கு வழி செய்துகொண்டிருந்தது என்றே நினைக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு பிடிப்பு கூடியது என்று அவரே சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்தத் துன்பத்தையெல்லாம் ஈடுகட்டும் அளவுக்கு மக்னீசியம் வேலை செய்யுமா? 2017-ல் இஸ்ரேலில் 94 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மக்னீசியம் ஆக்சைடு, பாதிப் பேருக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. நாலு வாரத்தில் இரண்டு கூட்டத்துக்குமே வாரத்துக்குச் சுமார் மூன்று பிடிப்பு குறைந்தது. வெற்று மாத்திரைக்கும் அதே பலன். எல்லா சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2020 அறிக்கையும், வயதானவர்களின் கால் பிடிப்பைத் தடுக்க மக்னீசியம் உருப்படியாக உதவ வாய்ப்பில்லை என்றே முடிக்கிறது. இவ்வளவு தெளிவான பதில் கிடைத்த பிறகும் கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது உடம்பில் தேங்கி ஆபத்தாகவும் ஆகலாம் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

இனி பச்சை டப்பாவுக்கு வருகிறேன். பரிசோதனை முடிவுக்கு முந்தின நாள், அதே முதல் சந்திப்பில் நடந்தது இது. டப்பாவின் லேபிளை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். "வைட்டமின் கே2, எம்கே-7, 100 மைக்ரோகிராம்..." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்:

"அது நல்லாருக்குதுங்க. நானும் தினம் ஒண்ணு போட்டுக்கறேன். எனக்குந்தான் கால் இழுக்குது."

"நீங்க வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"எனக்கு ஹார்ட் மாத்திரை மட்டுந்தாங்க. வால்வு ஆபரேசன் பண்ணி ஆறு வருசமாச்சு."

சுருக்குப் பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். பைக்குள் இருந்து இருந்து மூலைகளெல்லாம் மடங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஐஎன்ஆர் எண் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்), மாத்திரை அளவு. மாத்திரை, ரத்தம் உறையாமல் வைக்கும் அசினோகூமரால். செயற்கை உலோக வால்வு, அதுவும் இடது பக்கத்து மைட்ரல் வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க அந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கடைசியாக எடுத்தது ஏழு வாரத்துக்கு முன்னால், 2.8. ஜூன் மாதம் பரிசோதனைக்குப் போகவில்லை, பேத்தியின் காதுகுத்து. கே2 தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வைட்டமின் கே-யில் உள்ள அந்த எழுத்தே ரத்தம் உறைவதைக் குறிக்கிற ஜெர்மன் வார்த்தையிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் இந்த வைட்டமினைக் கண்டுபிடித்து, அதற்காக 1943-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல் செய்துமுடிக்க வைட்டமின் கே வேண்டும். அசினோகூமராலும் வார்ஃபரினும் அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை இளக்கமாக வைக்கின்றன. ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டே இருக்க, இன்னொருத்தர் பின்பக்கமாகத் திறந்துவிடுவதுபோல ஆகிவிட்டது இந்த அம்மாவுக்கு. எம்கே-7 என்ற வகை ரத்தத்தில் தங்கும் நேரமும் அதிகம், பாதியாகக் குறையவே சுமார் மூன்று நாள் ஆகும். தினம் ஒன்று சாப்பிட்டால் சேர்ந்துகொண்டே போகும். 50 மைக்ரோகிராமே இந்த மருந்துகளோடு மோதலாம் என்று 2007-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இவர் சாப்பிட்டது 100.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். உலோக வால்வு கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று அடித்தது, தெளிவாக. அந்தச் சத்தம் மழுங்கியிருந்தால் வால்வில் ரத்தக்கட்டி என்று பயப்பட வேண்டும். பேச்சில் குழறல் இல்லை, கை கால் பலம் சரி, மூச்சு வாங்கவில்லை. அடுத்த தெரு லேபில் உடனே ஐஎன்ஆர் எடுக்கச் சொன்னேன். 1.5 என்று வந்தது.

அன்றைக்கு ராத்திரியே அவருக்கு வால்வு வைத்த மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே எக்கோ எடுத்துப் பார்த்ததில் கட்டி இல்லை. ஐஎன்ஆர் ஏறும்வரை வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் வகை ஊசி போட்டார்கள். அசினோகூமரால் அளவை அவசரப்பட்டு ஏற்றவில்லை. கே2 உடம்பை விட்டுப் போன பிறகு, ஏற்றிய அளவே ரத்தக்கசிவுக்குக் காரணமாகிவிடலாம். அந்த இதய மருத்துவர் காட்டிய நிதானத்தை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒன்பதாவது நாள் 2.6.

"ஆறு வருசமா கீரையக்கூட அளந்துதான் திங்கறேனுங்க. முருங்கக்கீரைன்னா எனக்கு உசுரு. அதையே தள்ளி வச்சேன்" என்று பிறகொரு நாள் அந்த அம்மா சொன்னார். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று அவருக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் ஒரு விரதம்போலக் காத்திருக்கிறார். மாத்திரையாக வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. புருஷனுக்குக் கேட்கிற மாத்திரை தனக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நம் வீடுகளில் ஒரே தைலப் புட்டி, ஒரே காய்ச்சல் மாத்திரை அட்டைதான். சத்து மாத்திரையும் அப்படித்தான் போகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மருமகன் படித்த செய்தி பொய் இல்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் சீனாவில் நடந்த சோதனை ஒன்று வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 199 பேர். 103 பேருக்குத் தினமும் 180 மைக்ரோகிராம் கே2, 96 பேருக்கு வெற்று மாத்திரை, எட்டு வாரம். கே2 கூட்டத்தில் வாரத்துக்கு 2.60 ஆக இருந்த பிடிப்பு 0.96 ஆக இறங்கியது. வலியும் குறைந்தது, பிடிப்பு நிற்கும் நேரமும் குறைந்தது. கால் பிடிப்புக்கு இதுவரை சோதித்த வைட்டமின்களில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் காட்டியதை நான் பார்த்ததில்லை. மகிழ்ச்சியோடுதான் படித்தேன்.

ஆனால் ஒரு இடம் எனக்கு நெருடுகிறது. வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 2.71 என்பது 3.63 ஆக ஏறியிருக்கிறது. மக்னீசியம் சோதனையில் வெற்று மாத்திரைக்கே பிடிப்பு குறைந்தது. இங்கே கூடியிருக்கிறது. இந்தக் கணக்கு இன்னொரு ஊரில், இன்னொரு கூட்டத்தில் திரும்ப நிற்கிறதா என்று பார்க்காமல் என் நோயாளிகளுக்கு நான் எழுதத் தயாரில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் பேச்சே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைட்டமின் ஈ-யை 1992-ல் அமெரிக்காவில் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகக் கொடுக்க வேண்டும், பிடிப்புக்காக அல்ல. பி காம்ப்ளெக்ஸுக்கு 1998-ல் தைவானில் 28 முதியவர்களிடம் நடந்த ஒரு சின்ன சோதனை இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் பிடிப்பு நன்றாக அடங்கியது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-ல் இதை "பலன் இருக்கலாம்" என்ற வரிசையில்தான் வைத்தது. 28 பேரை வைத்து அதற்கு மேல் சொல்லவும் முடியாது. ஆனால் பெரியவர் சாப்பிட்ட இரண்டு பி காம்ப்ளெக்ஸிலும் பி6 இருந்தது. ஒன்றில் 3 மி.கி., 'ஸ்ட்ராங்கானதில்' 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஒரு நாளைக்கு 12 மி.கி.தான் மேல் வரம்பு என்று வைத்திருக்கிறது. பி6 அதிகமானால் நரம்பே மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிக்கு அப்படி ஆனால் பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிட்டு அதே மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்கள். மலேரியா மருந்தான கொய்னாவைக் கேட்டும் சிலர் வருவார்கள். அது பிடிப்பைக் குறைக்கத்தான் செய்கிறது. ரத்த அணுக்களைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் பிடிப்புக்கு அதைக் கொடுப்பதில்லை.

பெரியவருக்குச் செய்ததைச் சொல்கிறேன். குளோர்தாலிடோனை நிறுத்திவிட்டு டெல்மிசார்டனோடு அம்லோடிபின் கொடுத்தேன். மக்னீசியம், ஈ, கே2, இரண்டு பி காம்ப்ளெக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மெட்ஃபார்மினுக்காக பி12 மட்டும் தனியாக. பொட்டாசியத்துக்குச் சில நாள் சிரப், பிறகு சாப்பாட்டிலேயே சரியானது. வைட்டமின் டி-யை அளவு பார்த்துவிட்டுத் தொடரலாம் என்று தள்ளிவைத்தேன். அட்டோர்வாஸ்டாட்டினில் கைவைக்கவில்லை. அதை அவர் ஐந்து வருஷமாகச் சாப்பிடுகிறார், பிடிப்பு வந்தது நாலு மாதமாக.

அப்புறம் நீட்சிப் பயிற்சி. நெதர்லாந்தில் 2012-ல் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரம், தூங்கும் முன் கெண்டைச் சதையையும் தொடைப் பின்சதையையும் நீட்டியவர்களுக்கு ராத்திரிப் பிடிப்பு நன்றாகக் குறைந்தது. இதற்கு எதிரான சான்றும் உண்டு. 2005-ல் இங்கிலாந்தில் 191 பேரிடம் நடந்த சோதனையில் நீட்சியால் பலன் தெரியவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டேதான் சொல்லிக் கொடுத்தேன். காசு செலவில்லை, ஈரல் கெடாது, ஐஎன்ஆர் இறங்காது.

கிளினிக் சுவரிலேயே செய்து காட்டினேன். சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு உள்ளங்கையும் சுவரில். பிடிக்கிற காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், இடுப்பை மெதுவாக முன்னால் கொண்டுபோக வேண்டும். கெண்டையில் இழுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்திப் பத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. முதல் தடவை பெரியவரின் குதிகால் எழுந்துகொண்டே இருந்தது. ஒரு பழைய சீட்டை மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைத்து, "நான் இழுத்தா வரக்கூடாதுங்கய்யா" என்றேன். அதற்குப் பிறகு சரியாகச் செய்தார். ராத்திரி பிடிப்பு வந்துவிட்டால் தோள் துண்டைப் பாதத்தின் முன்பக்கத்தில் மாட்டி, இரண்டு முனையையும் தன் பக்கமாக இழுக்க வேண்டும். துண்டு கட்டிலின் கால்மாட்டிலேயே இருக்கட்டும் என்றேன். இருட்டில் தேடி எழுந்து விழுந்துவிடக் கூடாது.

கணக்கு வைக்கச் சொன்னேன். நோட்டு வேண்டாம், வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே போதும். பிடிப்பு வந்த நாள் தாளில் ஒரு கோடு, இரண்டு வந்தால் இரண்டு கோடு. கிழித்த தாளை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த தாள்களின் ஓரத்தில் பென்சில் கோடுகள், மொத்தம் ஒன்பது. மூன்றாவது, நாலாவது வாரத்தில் ஐந்து. ஏழாவது, எட்டாவது வாரத்தில் ஒன்றே ஒன்று. பொட்டாசியம் 4.2, சோடியம் 138. மக்னீசியத்தை நிறுத்திய மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிட்டது. பிரஷர் 136.

இதில் எது குணப்படுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீர் மாத்திரை, பேதி, பொட்டாசியம், நீட்சி எல்லாம் ஒரே வாரத்தில் மாறியிருக்கின்றன. கால் பிடிப்பு தானாகவே ஏறி இறங்கும் வியாதி வேறு. நோயாளி டாக்டரிடம் வருவதே அது உச்சத்தில் இருக்கும்போதுதான், அதனால் என்ன கொடுத்தாலும் கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரியும். கே2-வும் அவர் ஐந்து வாரம் சாப்பிட்டிருக்கிறார். அதன் பலன் பிந்தி வந்திருக்கலாம் என்று யாராவது வாதாடினால் இந்த ஒரு ஆளை வைத்து என்னால் மறுக்க முடியாது. பொட்டாசியம் 3.1 இருந்தவருக்கு அதைச் சரிசெய்தது சரியான காரியம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது நான் நீர் மாத்திரை எழுதினால், ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியை மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவில் எழுதிக் கொடுக்கிறேன். வராதவர்களை எங்கள் நர்ஸ் ஃபோனில் கூப்பிடுகிறார். கால் பிடிப்பு என்று வருகிற எல்லாரிடமும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்கிறேன், அவர்களுடையதை மட்டுமல்ல. மூச்சுக்கு இழுக்கும் மருந்தில் சில வகையும் பிடிப்பை உண்டாக்கும், அதையும் கேட்கிறேன். போன மாதம் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா, தன் மாத்திரைகளோடு மாமியாருடையதையும் சேர்த்து ஒரு தூக்குப்போசியில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் தவறாக இல்லை. பார்த்துச் சொன்னதும் நிம்மதியாகப் போனார்.

பெரியவரின் மனைவிக்கும் கால் இழுப்பு இருந்தது, அதை மறந்துவிடவில்லை. அவருக்கும் இதயத்துக்காக ஃபுரோசமைட் என்ற நீர் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது என் கையில் இல்லை, நிறுத்தவும் கூடாது. அவருடைய பொட்டாசியத்தைப் பார்க்கச் சொல்லி இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுவரில் சாய்ந்து நிற்க அவருக்குத் தலை சுற்றுகிறது. அதனால் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து துண்டால் இழுக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் இப்போது இரண்டு துண்டு இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. காலண்டர் தாளில் அவருடைய கோடுகளைச் சிவப்புப் பேனாவில் போடுகிறார். கார்த்திகை மாதம் வந்தபோது சிவப்புக் கோடு நாலு, பென்சில் கோடு இரண்டு. நோட்டில் கடைசி ஐஎன்ஆர் 2.9.

போகும்போது அவர் கேட்டார்: "கீர சாப்புடலாங்களா டாக்டரம்மா?"

வாரம் இரண்டு நாள், ஒரே அளவு, கூட்டாமல் குறைக்காமல், அடுத்த ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாமல் என்று அவருடைய இதய மருத்துவரிடம் ஃபோனில் கேட்டுச் சொன்னேன். முருங்கைக்கீரையா என்று திரும்பவும் உறுதி செய்துகொண்டு போனார்.